ஓடுகிற லெப்டொப்புக்குச் செத்தவீடு எதற்கு?

களுவாஞ்சிகுடியில் இருக்கும் மாமி, 5 ஆம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு எடுப்பவர். மகன் சுவிஸிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்த பழைய லெப்டொப்பில்தான் வினாத்தாள் அடிப்பார். ஒருநாள் காலையிலேயே கோல் எடுத்தார்.

"மனே, திரை முழுக்க ஒரு அறிவித்தல் வந்து நிக்கிது. ஆதரவு முடிஞ்சுதாம். இது பழுதாப் போயித்தா?"

பழுதாகவில்லை. அன்று மாலை அதே லெப்டொப்பில் வழக்கம்போல வினாத்தாள் அடித்தார், பென் டிரைவில் ஏற்றி கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டோக்கொப்பியும் எடுத்துவந்தார். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் "இனி அது உதவாது டீச்சர்" என்று சொல்லிவிட்டார். ஒரு கடையில் கேட்டபோது அங்கும் புதியது வாங்கச் சொன்னார்கள். ஓடுகிற சாமானுக்குச் செத்தவீடு நடத்துகிற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. அவசரமே தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. எதற்கு அவசரப்பட வேண்டும் என்பது தெரிந்தால் போதும், செலவில் பெரும்பகுதி மிஞ்சும்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29 இல். அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 இரண்டுக்கும் அதே நாளில்தான் ஆதரவு முடிந்தது. மாமியின் திரையில் வந்து நின்ற அறிவித்தலின் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

ஆதரவு என்றால் என்ன?

குளக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உன்னிச்சைக் குளமோ ஊருக்குள் இருக்கும் சின்னக் குளமோ, எந்தக் கட்டிலும் நண்டு வளை விழும், எலி வளை விழும். ஆள் போய்ப் பார்த்து அவ்வப்போது அடைத்தால் கட்டு நிற்கும். பார்க்கிற ஆளை நிறுத்தினால் அன்றைக்கே கட்டு உடையாது. அடுத்த போகத்திலும் தண்ணீர் வரும். எந்த வளை எப்போது பெரிதாகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

விண்டோஸும் அப்படித்தான். கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட நிரல் அது, அதில் ஓட்டைகள் இருந்தே தீரும். மாதாமாதம் 2 ஆவது செவ்வாய்க்கிழமை, நமது நேரப்படி நள்ளிரவை அண்டி, மைக்ரோசொப்ட் அடைப்புகளை அனுப்புகிறது. அப்டேட் என்று நாம் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த அடைப்புகளைத்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விண்டோஸ் 10 உம் விண்டோஸ் 11 உம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், உள்ளே நிறைய நிரல் பொது. விண்டோஸ் 11 இல் ஒரு வளையை அடைத்து "இன்ன இடத்தில் இன்ன ஓட்டை இருந்தது" என்று மைக்ரோசொப்ட் பட்டியல் வெளியிடும்போது, அதே வளை விண்டோஸ் 10 இலும் அடைக்கப்படாமல் இருக்கலாம் என்று கள்ளனுக்கும் விளங்கும். முந்திய கோப்பையும் திருத்திய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாறியது என்று பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கமான வேலை. ஆதரவு முடிந்த கணினி நாளுக்கு நாள் ஆபத்தாவதற்கு இதுதான் காரணம். அது பலவீனமாகவில்லை, அதன் பலவீனம் வெளியே தெரியவருகிறது.

2017 மே மாதம் பரவிய வான்னகிரை என்ற தீநிரல் இதற்கு நல்ல உதாரணம். அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் அந்த வருடம் மார்ச் மாதமே அடைப்பு வெளியிட்டிருந்தது. 2 மாதம் கழித்தும் அப்டேட் போடாத கணினிகள் உலகம் முழுக்கச் சிக்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது அது. இங்கிலாந்தில் வைத்தியசாலைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. 2014 இலேயே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் அவசரமாக ஒரு அடைப்பை வெளியிட வேண்டி வந்தது. ஆனால் அதிகம் அடிபட்டது எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. அப்போது விண்டோஸ் 7 க்கு ஆதரவு உயிரோடு இருந்தது. அடைப்பு வந்தும் போடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் திகதி வேறு

இந்த இடத்தில் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நான் திறந்து பார்த்த லெப்டொப்புகளில் நிறையப் பேருடையதற்கு ஆதரவு 2025 ஒக்டோபரில் முடியவில்லை. வாங்கிய அன்றைக்கே முடிந்துவிட்டது. "அப்டேட் டேட்டாவைத் தின்னும், ஓஃப் பண்ணிவிட்டிருக்கிறன்" என்று கடையில் அக்கறையோடு சொல்லி அனுப்புவார்கள். ரீலோட் போட்டு இன்டர்நெட் பாவிக்கிற வீட்டில் அது நியாயமான பேச்சாகத்தான் கேட்கும். கூடவே கிராக் பண்ணிய விண்டோஸ். அதை இயக்கும் சின்ன மென்பொருள் முதலில் கேட்பதே "வைரஸ் காவலை நிறுத்து" என்றுதான். வாசற்காவலனை அனுப்பிவிட்டு உள்ளே வருகிற ஆளை நம்பி 5 வருடம் பேங்க் கணக்குப் பார்த்துவிட்டு, இப்போது ஆதரவு முடிந்ததே என்று பதறுவதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இதில் கவலையான விஷயம், பல லெப்டொப்புகளுக்குக் கிராக் தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு சேர்த்து விற்ற லெப்டொப்புகளில் அதன் உரிமத் திறவுகோல் மதர்போட்டிலேயே பதிந்திருக்கும். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து இங்கே வரும் டெல் லட்டிடியூட், எச்பி புரோபுக், லெனோவோ திங்க்பேட் எல்லாம் பெரும்பாலும் அப்படி வந்தவை. மைக்ரோசொப்ட்டின் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கி, முதலில் இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, புதிதாக இட்டால் இன்டர்நெட் பட்டதும் தானே உயிர்பெறும். காசு கொடுத்து ஏற்கெனவே வாங்கியிருந்த பொருளை அழித்துவிட்டுத் திருட்டுப் பிரதியைப் போட்டிருக்கிறோம்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தைத் திறந்து கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பார்ப்பது. 2021 என்று காட்டினால், உங்கள் பிரச்சினைக்கும் மைக்ரோசொப்ட்டின் திகதிக்கும் சம்பந்தமில்லை.

சரி, எந்தத் தலைமுறை?

"கோர் ஐ5 சேர்" என்பதோடு நமது கடைகளில் பேச்சு முடிந்துவிடும். ஐ5 என்பது 2009 இலிருந்து வருகிறது. எத்தனையாம் தலைமுறை ஐ5 என்பதே கேள்வி. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக 8 ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் முறைப்படி ஏற்கும். கணினியின் விபரப் பக்கத்தில் ஐ5 என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 6200 என்றால் 6 ஆம் தலைமுறை, 7200 என்றால் 7, 8250 என்றால் 8. 10210 என்று 5 இலக்கமாக இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்து 10 என்று வாசிக்க வேண்டும்.

8 க்கு மேல் இருந்தும் "உங்கள் கணினி பொருந்தாது" என்று விண்டோஸ் சொன்னால், பெரும்பாலும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னரே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், நிறுத்தப்பட்டிருக்கும். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் tpm.msc என்று ஆங்கிலத்தில் அடித்தால் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். இல்லையென்றால் பயாஸுக்குள் போய் இயக்கிவிடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சில லெப்டொப்புகளில் டிஸ்க் முழுவதும் விண்டோஸின் பிட்லொக்கர் என்ற பூட்டால் பூட்டப்பட்டிருக்கும், உரியவருக்கே தெரியாது. பயாஸில் கைவைத்த பிறகு 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்டுத் திரை நீலமாக நிற்கும். அது மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம், அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனவே முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்கில் ஏற்றுங்கள். மறுகா பாப்பம் என்று தள்ளிப்போடுகிற வேலைகளில் இதைச் சேர்க்க வேண்டாம்.

பொருந்துகிற கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம். இறக்கம் 5 ஜிபியைத் தாண்டும், அதனால் இரவு டேட்டா இருக்கிற வீட்டில் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். மின்வெட்டு வரும் நாளில் மட்டும் தொடங்க வேண்டாம், பழைய பற்றறியை நம்பவே வேண்டாம்.

மாமியின் லெப்டொப் 6 ஆம் தலைமுறை. அதனால் அவரிடம் இந்தப் பேச்சு எடுபடவில்லை.

ஒரு வருட வாய்தா

பொருந்தாத கணினிகளுக்கு மைக்ரோசொப்ட் ஒரு வாய்தா வைத்தது. வீட்டுப் பாவனையாளர் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அடைப்புகளை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு விண்டோஸ் 10 இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிவுசெய்வதற்கான இணைப்பு வரும். 30 டொலர் கட்டலாம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 9,000 ரூபாய். கட்டாமலும் முடியும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்க விட்டால் காசு இல்லை. ஆனால் அப்படி விடும்போது படம், ஆவணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்டிரைவ் என்ற மைக்ரோசொப்ட்டின் இணையச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கினால் இலவசமாகத் தரும் 5 ஜிபி நிரம்பிவிடும், உங்கள் டேட்டாவும் போய்விடும். கோப்புறைகளை நிறுத்திவிட்டு அமைப்புகளை மட்டும் விடுங்கள்.

நிறுவனங்களுக்குக் கதை வேறு. முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டொலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு, அதிகபட்சம் 3 வருடம். 10 கணினி வைத்திருக்கும் ஒரு சின்ன அலுவலகம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

இந்த வாய்தாவை நான் யாருக்கும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதைத் தீர்வு என்று நினைத்து மறந்துவிடுபவர்களைத்தான் எச்சரிக்கிறேன். விண்டோஸ் டிபென்டரின் வைரஸ் பட்டியல் 2028 வரை வரும், அதனால் பயமில்லை என்று ஒரு பேச்சும் இருக்கிறது. வரும், உண்மைதான். ஆனால் அது வாசலில் நிற்கும் காவலாளி. சுவரில் இருக்கும் ஓட்டையை அவர் அடைக்கமாட்டார்.

ரூபஸ் போன்ற கருவியால் சோதனையைத் தாண்டி, பொருந்தாத கணினியிலும் விண்டோஸ் 11 ஐ இடலாம். ஓடும். பல இடங்களில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அப்படியான கணினிக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசொப்ட் உறுதி கொடுக்கவில்லை, வருடாந்தப் பெரிய மாற்றம் வரும்போது திரும்ப அதே வித்தையைச் செய்ய வேண்டும். கணினியைக் கழற்றிப் பூட்டுவதில் ஆசையுள்ள தம்பிக்கு அது பொழுதுபோக்கு. மாமிக்கு அதைச் செய்துகொடுத்தால் ஆயுள் முழுக்க நான்தான் போய்வர வேண்டும்.

லினக்ஸ், அப்புறம் பாமினி

மாமியின் லெப்டொப்பைத் திறந்தபோது உண்மையான நோய் வேறாக இருந்தது. 4 ஜிபி மெமறி, சுழலும் பழைய ஹாட் டிஸ்க். திறக்க 5 நிமிடம். பழைய ஹாட் டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட் அளவில் வாசிக்கும், அதன் இடத்தில் போடக்கூடிய, சில்லில் சேமிக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 வரை போகும். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும்போது வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு, ஏனென்றால் எஸ்எஸ்டிக்குள் சுழல எதுவும் இல்லை. "லெப்டொப் கிழடாப் போச்சு" என்று சொல்லப்படுவதில் பாதி இந்த டிஸ்க்கின் கிழட்டுத்தனம். எந்த மென்பொருள் போடுவதானாலும் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். 2 திருகாணி, அரை மணிநேர வேலை. கல்லடிக் கரையோர வீடு என்றால் கழற்றும்போது உள்ளே உப்புக் காற்றில் பச்சை பிடித்த இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு லினக்ஸ் மின்ட் போட்டேன். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள்களின் குடும்பப் பெயர், அதில் உபுண்டு, டெபியன் என்று நிறைய உண்டு. விண்டோஸ் பழகியவருக்கு மின்ட் கிட்ட வரும், கீழே பட்டை, இடப்பக்க மூலையில் மெனு, எல்லாம் பழக்கமான இடத்திலேயே இருக்கும். அதிலும் எக்ஸ்எப்சிஈ என்ற இலேசான வடிவம் 4 ஜிபியில் தாராளமாக நடக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அடைப்புகள் வரும், காசு இல்லை, கணக்குத் திறக்கவும் கேட்காது.

போடுவதற்கு முன் ஒருநாள் பாவித்துப் பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மின்டை எழுதி அதிலிருந்தே கணினியைத் திறந்தால், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல் முழுதாக ஓடிக்காட்டும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமெரா வேலைசெய்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். சில வைஃபை சில்லுகள் முரண்டு பிடிக்கும். இறக்கம் 3 ஜிபி அளவு. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு லினக்ஸ் பிரதிகளை நாட்டுக்குள்ளேயே வைத்திருப்பதால், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் பிள்ளை ஒன்று சொந்தத்தில் இருந்தால் இறக்கித் தரச் சொல்வது இலகு. நிரந்தரமாக இடும்போது "டிஸ்க்கை அழி" என்று ஒரு தெரிவு வரும். அது சொல்வதை அப்படியே செய்யும்.

இனி தமிழ். லினக்ஸ் போடலாமா என்று கேட்கும் எங்கள் ஆட்கள் உண்மையில் கேட்பது "தமிழ் அடிக்கலாமா?" என்பதைத்தான். இணையத்திலும் கைபேசியிலும் பாவிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோட் தமிழ், மின்ட் போட்ட உடனே தெரியும், அதில் சிக்கல் இல்லை. அடிப்பதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, தட்டச்சு முறை எல்லாம் வரும். இலங்கை அரச நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது, கச்சேரியில் பழகிய கைக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் மாமி அடிப்பது பாமினியில். 15 வருட வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில். பாமினி என்பது தமிழ் உடுப்புப் போட்ட ஆங்கில எழுத்துதான். கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்து, எழுத்துரு மட்டும் அதைத் தமிழாகக் காட்டும். பாமினியில் அடித்ததை வட்சப்பில் ஒட்டினால் கண்டபடி ஆங்கிலமாக விழுவது இதனால்தான். அதே காரணத்தால், விசித்திரமாக, பாமினிக்கு லினக்ஸில் ஒரு தடையும் இல்லை. பழைய லெப்டொப்பிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்து, மின்டில் இரண்டு சொடுக்கில் நிறுவி, வேர்டுக்குப் பதிலான இலவச லிப்ரே ஒபிஸைத் திறந்தால் மாமியின் வேர்ட் கோப்புகள் அப்படியே வந்தன. அட்டவணைகள் சிலது மட்டும் பக்கம் தாண்டி நின்றன. பாமினியை ஒருநாள் விட்டுத்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. யூனிகோட்டில் இல்லாத தமிழை யாரும் தேடி எடுக்க முடியாது. ஆனால் ஒரு கிழமையில் ஒரு மனிசிக்கு ஒரு மாற்றம் போதும்.

ஏஎல் படிக்கும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் இன்னும் வசதி. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் வரும் பைதன் என்ற நிரல்மொழி மின்டில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சாதாரண தரத்துக்கு வேண்டிய பஸ்கலையும் இலவசமாக இடலாம். சூம் இருக்கிறது, பயர்பொக்ஸ் இருக்கிறது, வேர்டே வேண்டும் என்றால் உலாவியில் ஓடும் இலவச வேர்ட் இருக்கிறது.

வராதவையும் உண்டு, அவற்றை மறைத்துவிட்டு லினக்ஸ் பிரசாரம் செய்பவர்களோடு எனக்குச் சண்டை. போட்டோசொப், பேஜ்மேக்கர் வராது. கல்யாண அல்பம் செய்பவரும் அழைப்பிதழ் அடிக்கும் அச்சகமும் இந்தப் பக்கம் வர வேண்டாம். கடைக் கணக்கு மென்பொருள்கள் பல விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டவை. பிரிண்டர் ஒரு தனி வழக்கு. எச்பியில் பெரும்பாலானவை செருகியவுடன் வேலைசெய்யும். நமது அலுவலகங்களிலும் கொமினிகேஷன்களிலும் தேயாமல் நிற்கும் கெனன் எல்பிபி 2900 போன்றவை லினக்ஸில் பொறுமையைச் சோதிக்கும்.

இன்டர்நெட்டைக் கழற்றுவதும் ஒரு வழி

அப்படியான அச்சகக்காரர் என்ன செய்வது? கணினி செய்யும் வேலைக்கு இன்டர்நெட் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். பதாகை அடிக்கும் இயந்திரத்தோடு பிணைந்த கணினி, தையல் வடிவம் போடும் கணினி, பாட்டுப் பதிவு செய்யும் கணினி எல்லாம் வலையில் இல்லாமலே வேலைசெய்யும். வைஃபையை நிறுத்தி வயரைக் கழற்றிவிட்டால் விண்டோஸ் 10 இலேயே இன்னும் 5 வருடம் ஓட்டலாம். மின்னஞ்சலும் பேங்கும் பேஸ்புக்கும் வேறு கருவியில். கைபேசியில் பார்க்கலாம், அந்தக் கைபேசிக்கும் அப்டேட் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு.

வலையைக் கழற்றிய கணினிக்கு எதிரி பென் டிரைவ். ஊர் முழுக்கச் சுற்றும் ஷோர்ட்கட் வைரஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கோப்புறைகளை ஒளித்துவைத்துவிட்டு அவற்றின் பெயரில் குறுக்குவழிகளைக் காட்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை நேரே அச்சுக் கணினியில் செருகாமல், பக்கத்தில் ஒரு பழைய லினக்ஸ் லெப்டொப்பை வைத்து அதில் திறந்து, வேண்டிய கோப்பை மட்டும் எடுத்துக்கொடுக்கலாம். 2 ஜிபி மெமறி உள்ள கணினியும் அந்த வேலைக்குப் போதும்.

வலையில் இருந்தபடியே ஒன்றும் செய்யாமல் ஓட்டுவதென்றால், கவனிக்க வேண்டியது உலாவியை. விண்டோஸ் 7 க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, குரோம் அதைக் கைவிட்டது 2023 இல். அந்த 3 வருடமும் ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்தவர்களுக்கு, அதன் பிறகு ஒவ்வொரு தளமாகத் திறக்க மறுக்கத் தொடங்கியது. குரோமோ பயர்பொக்ஸோ "இந்தக் கணினிக்கு இனி வரமாட்டேன்" என்று சொல்லும் நாளுக்குப் பிறகும் அதில் பணப் பரிமாற்றம் செய்வது கதவில்லாத வீட்டில் நகை வைப்பது போல.

மெக்புக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். இன்டெல் சில்லு உள்ள மெக்குகளுக்கு மெக்ஓஎஸ் 26 தான் கடைசிப் பெரிய பதிப்பு என்று அப்பிள் அறிவித்துவிட்டது.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை. 32 ஜிபி சேமிப்பு மட்டும் உள்ள, மெமறி மதர்போட்டிலேயே ஒட்டப்பட்ட சின்ன லெப்டொப்புகள் கொரோனாக் கால ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கப்பட்டவை நிறைய இருக்கின்றன. அவற்றில் செலவழிக்கும் காசு தண்ணீரில் போட்ட உப்பு. பற்றறி வீங்கி, தொடுதட்டு மேலெழுந்து நின்றால் உடனே பாவிப்பதை நிறுத்துங்கள். ஊசியால் குத்தவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது, வாவியில் எறிவதும் கூடாது. மின்கழிவு சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போக வேண்டிய சாமான் அது.

புதிதாகப் பழையது வாங்கப்போகிறவருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு அலுவலகங்கள் 6 ஆம், 7 ஆம் தலைமுறை லெப்டொப்புகளைக் கழிப்பதற்கு இந்த ஆதரவு முடிவே நல்ல காரணம், கழித்தவை எங்கள் பக்கம்தான் வரும். மலிவாக இருந்தால் தலைமுறையைக் கேளுங்கள். லினக்ஸ் போடுவதற்கென்றால் அவை அருமையான சாமான்கள், பேரம் பேசி எடுங்கள். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் 8 க்குக் கீழே தொடவேண்டாம்.

மாமி இப்போது மின்டில்தான் வினாத்தாள் அடிக்கிறார். திறக்க அரை நிமிடம். பிரிண்டர் இன்னும் சரிவரவில்லை, நான் 2 தரம் போய்ப் பார்த்தும் காகிதத்தை இழுத்துவிட்டு வெறுமையாகத் துப்புகிறது. அதனால் இன்னும் பென் டிரைவைக் கொண்டு கொமினிகேஷனுக்குத்தான் போகிறார். போனமுறை திரும்பி வந்து செருகியபோது, தான் வைக்காத கோப்பு ஒன்று உள்ளே கிடந்ததாம். கோல் எடுத்து "இது என்ன மனே?" என்று பெயரை எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினார். ஷோர்ட்கட் வைரஸ். முந்தியென்றால் அன்றைக்கு வகுப்பே நின்றிருக்கும். அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டு, அட்டவணையை எப்படிப் பக்கத்துக்குள் அடக்குவது என்று கேட்கத் தொடங்கினார்.